ஜோகான் பிலிப் பப்ரிசியஸ்

ஜோகான் பிலிப் பப்ரிசியஸ் (ஜனவரி 22, 1711 - ஜனவரி 23, 1791) தமிழகத்தில் பணியாற்றிய செருமானிய லூத்தரன் மறைப்பணியாளரும், விவிலிய மொழிபெயர்ப்பாளரும், அகராதி ஆசிரியரும் ஆவார்.

வாழ்க்கை

செருமனியின் கிளீபெர்க் என்னும் ஊரில் பிறந்த இவர், 1740 இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1742 முதல் சென்னையில் பணியாற்றினார். 1761 இல் புதுச்சேரியில் ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சுப்பொறி இவரது பொறுப்பில் விடப்பட்டது. 1779 இல் பிரைட்ஹாப்ட் என்பவருடன் இணைந்து தமிழ் - ஆங்கில அகராதியை வெளியிட்டார்.

மொழிபெயர்ப்புப் பணி

பழைய ஏற்பாட்டை எபிரேய மூலத்திலிருந்து தமிழாக்கம் செய்தார். இறைவாக்கினர் நூல்களில் சொல்தேர்வே பொருள் விளக்கமாகவும் அமைந்துவிடுகிறது. எசேக்கியேல் நூலின் 14 ஆம் அதிகாரம் இதற்கு எடுத்துக்காட்டாகும். கல்லிலும் மரத்திலும் செய்தவற்றை விட, மூப்பர்கள் தம் உள்ளத்தில் நிறுத்திய சிலைகளையே அது கண்டிக்கிறது. தண்டனை வரும்போது நோவா, தானியேல், யோபு ஆகியோரும் தம்மை மட்டுமே காத்துக்கொள்ள இயலும் என்கிறது. அங்குச் சிலைகளைக் குறிக்கும் கில்லூலிம் என்ற எபிரேயச் சொல், மலத்தைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடைய இகழ்ச்சிச் சொல்லாகக் கருதப்படுகிறது.

பப்ரிசியஸின் மொழிபெயர்ப்பை அடிப்படையாகக் கொண்டு, ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871 இல் திருத்திய பதிப்பை வெளியிட்டது. நரகலான என்ற அடைமொழியால் அவ்விகழ்ச்சி அதில் உணர்த்தப்படுகிறது. கடவுளைக் குறிக்கப் பப்ரிசியஸ் கையாண்ட பராபரன் என்ற சொல் அதில் தேவன் என மாற்றப்பட்டது. கோயம்புத்தூர், ஈரோடு உள்ளிட்ட கொங்குப் பகுதியின் தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் இப்பதிப்பு இன்றும் வாசிக்கப்படுகிறது.

இறுதிக் காலம்

மறைப்பணி நிதியை வட்டிக்குக் கொடுத்து, அது திரும்பி வராததால் கடனாளியாகிச் சிறையிலும் இருந்தார். 1788 இல் தமது பொறுப்பைக் கெரிக்கே என்பவரிடம் ஒப்படைத்தார். 1791 இல் சென்னையில் காலமானார்.