விடைத்த காதும் ஒரு பெர்லின் டாக்டரும்: குழந்தைகளுக்கான காது சீரமைப்பு ஆபரேஷன் வந்த கதை

திருவெண்ணெய்நல்லூர் கிருபாபுரீஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்தால் அங்கே இருக்கும் பிள்ளையாரின் பெயரைக் கேட்டிருப்பீங்க. பொல்லாப் பிள்ளையார். மெய்கண்டார் வழிபட்டவர். 'பொல்லாதவர்' என்று பயந்துவிட வேண்டாம். 'பொள்ளா', அதாவது உளியால் செதுக்கப்படாத பிள்ளையார் என்ற பெயர்தான் பேச்சுவழக்கில் அப்படி மாறிவிட்டது என்பார்கள். முறம் மாதிரி காது வைத்திருக்கும் அந்தச் சாமிக்கு முன்னால் நம்ம காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடுகிறோம்.

ஆனால், அதே ஊரில் காது கொஞ்சம் விடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பையன் பள்ளிக்கூடம் போனால் என்ன ஆகும்? 'யானைக் காது', 'முறக் காது' என்று முதல் வாரத்திலேயே பட்டப்பெயர் விழுந்துவிடும். உங்க வகுப்பிலும் அப்படி ஒருத்தர் இருந்திருப்பார். போட்டோ எடுக்கும்போதெல்லாம் முடியை இழுத்துவிட்டுக் காதை மறைத்துக்கொண்ட அந்தப் பெண்ணை ஞாபகம் இருக்கா? ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம்.

இந்தக் காதைத் தலையோடு ஒட்டினாற்போல் சரிசெய்ய ஒரு ஆபரேஷன் இருக்கிறது. பெயர் ஓட்டோபிளாஸ்டி. இதன் வேரைத் தேடிப் போனால் பெர்லினில் வாழ்ந்த ஒரு டாக்டரிடம் போய் நிற்போம். அவர் பெயர் யோஹான் ஃபிரீட்ரிஷ் டீஃபென்பாக். குழந்தையின் காதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் எந்த அப்பா அம்மாவுக்கும் அவர் கதை உதவும். அவர் ஜெயித்த இடமும் உதவும், தோற்ற இடம் இன்னும் அதிகமாக உதவும்.

பாதிரியார் ஆக வேண்டியவர்

டீஃபென்பாக் பிறந்தது 1792 பிப்ரவரி 1, கோனிக்ஸ்பெர்க் நகரத்தில். இன்று ரஷ்யாவில் கலினின்கிராட் என்ற பெயரில் இருக்கும் ஊர் அது. சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தார். முதலில் படித்தது இறையியல். பாதிரியார் ஆவதற்கான படிப்பு. நடுவில் நெப்போலியனுக்கு எதிரான போர் வந்தது. படிப்பைப் போட்டுவிட்டுத் தன்னார்வலராகக் குதிரைப் படையில் சேர்ந்துவிட்டார்.

போர் முடிந்து திரும்பியவர் பைபிளை விட்டு மருத்துவத்துக்கு மாறினார். மாணவராக இருந்தபோதே அவரைப் பிடித்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: உடம்பில் ஓரிடத்திலிருந்து எடுத்ததை இன்னோரிடத்தில் வைத்தால் அது உயிரோடு இருக்குமா? வேறு ஆள் தேடாமல் தன் கையிலேயே துளை போட்டு, தன் தலைமுடிகளை நட்டுப் பார்த்தார். சில காய்ந்து விழுந்தன, சில சீழ் வைத்தன, சில மட்டும் பிடித்துக்கொண்டன. 1822-ல் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அவர் வாங்கிய டாக்டர் பட்டமும் இதே விஷயத்துக்குத்தான். அடுத்த வருடம் பெர்லினில் குடியேறினார்.

நம்ம ஊரிலிருந்து போன வித்தை

அந்தக் காலத்தில் ஐரோப்பிய டாக்டர்களுக்கு மூக்கு, காது சீரமைப்பில் திடீர் ஆர்வம் வரக் காரணம் இந்தியா.

சுஸ்ருத சம்ஹிதையில் காது குத்துவதற்கும், கிழிந்த காதுச் சோணையை ஒட்டவைப்பதற்கும் தனி அத்தியாயமே இருக்கிறது. ஒட்டும் முறைகள் மட்டும் 15. சோணையே இல்லாமல் போனால் கன்னத்துத் தோலைக் கொஞ்சம் எடுத்துத் திருப்பித் தைக்கலாம் என்கிறது அது. தண்டட்டி போட்டுப் போட்டுத் தோள்வரை தொங்கிய பாட்டிமார் காதைப் பார்த்தவர்களுக்கு, இந்த நாட்டில் காது வைத்தியம் ஏன் இவ்வளவு வளர்ந்தது என்று சொல்லவே வேண்டாம்.

அந்த வித்தை ஏட்டோடு நின்றுவிடவில்லை. திப்பு சுல்தானுடனான போரின்போது பிரிட்டிஷ் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் பிடிபட்டு மூக்கு அறுக்கப்பட்டார். பின்னர் புனே பக்கம் ஒரு நாட்டு வைத்தியர் நெற்றித் தோலை இறக்கி அவருக்குப் புது மூக்கு வைத்தார். 1794 அக்டோபரில் இந்தச் செய்தி லண்டனின் ஜென்டில்மன்ஸ் மேகஸின் இதழில் படத்தோடு வந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ லண்டனில் அதே முறையில் ஆபரேஷன் செய்து 1816-ல் புத்தகம் போட்டார். 1818-ல் பெர்லினின் கார்ல் ஃபெர்டினான்ட் ஃபான் கிராஃபே மூக்கு சீரமைப்பு பற்றிப் புத்தகம் எழுதினார். அந்த பெர்லினுக்குத்தான் டீஃபென்பாக் வந்து சேர்ந்தார்.

பாட்டில் ஏறிய டாக்டர்

1829-ல் பெர்லினின் புகழ்பெற்ற ஷாரிட்டே மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நிபுணர் ஆனார். நோயில் மூக்கு அரித்துப்போனவர்கள், வெட்டுக்காயத்தில் முகம் சிதைந்தவர்கள், உதடு பிளந்த குழந்தைகள் எல்லாரும் அவரைத் தேடி வந்தார்கள். வீட்டை விட்டு வெளியே வராமலே வாழ்ந்த பலருக்குத் தெருவில் நடக்கும் தைரியம் வந்தது அவரால்தான். பூச்சிகளைக் குத்திவைக்கும் மெல்லிய ஊசிகளைக்கூடத் தையலுக்குப் பயன்படுத்தினார். தழும்பு தெரியக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

கைவேகம் அபாரம். வேகமாக இல்லாமல் முடியாது, ஏனென்றால் மயக்க மருந்து அப்போது கிடையாது. பெர்லின் பிள்ளைகள் அவர் பெயரை வைத்துப் பாட்டே கட்டிவிட்டார்கள். புது மூக்கும் புதுக் காதும் செய்யும் டாக்டர் என்று கேலியும் பெருமையுமாகப் பாடப்பட்ட அந்தப் பாட்டு, அவர் இறந்து பல காலம் வரை ஜெர்மனியில் உலவியது.

ஒரு வெற்றி, ஒரு பெரிய தப்பு

1839 அக்டோபர் 26. மாறுகண்ணோடு வந்த 7 வயதுப் பையன் ஒருவனுக்கு, கண்ணை உள்பக்கம் இழுக்கும் தசையை டீஃபென்பாக் வெட்டிவிட்டார். கண் நேரானது. லூயிஸ் ஸ்ட்ரோமெயர் என்ற இன்னொரு ஜெர்மன் டாக்டர் முன்பே சொல்லியிருந்த யோசனைதான் அது. உயிருள்ளவருக்குச் செய்து வெற்றி கண்டவர் டீஃபென்பாக். செய்தி பரவி நூற்றுக்கணக்கானவர்கள் வந்து குவிந்தார்கள். 1840-ல் பெர்லின் பல்கலைக்கழக அறுவை சிகிச்சைப் பிரிவுக்கே தலைவர் ஆனார்.

இங்கேதான் சறுக்கல். கண் தசையை வெட்டினால் மாறுகண் சரியாகிறது என்றால், நாக்குத் தசையை வெட்டினால் திக்குவாய் சரியாகாதா? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. 1841 ஜனவரியில் 13 வயதுச் சிறுவன் ஒருவனின் நாக்கின் அடிப்பகுதியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தைத்தார். மயக்க மருந்து இல்லாமல். ஆரம்பத்தில் திக்கு நின்றது போலவே தெரிந்தது. உடனே ஐரோப்பா முழுக்க டாக்டர்கள் திக்குவாய்க்காரர்களின் நாக்கை வெட்ட ஆரம்பித்தார்கள்.

கொஞ்ச நாளில் உண்மை வெளியே வந்தது. புண் ஆறியதும் திக்கும் திரும்பியது. ரத்தம் நிற்காமல் அவதிப்பட்டவர்கள் உண்டு. உயிரையே விட்டவர்களும் உண்டு. ஒரு வருடத்துக்குள்ளேயே அந்த ஆபரேஷன் கைவிடப்பட்டது. திக்குவாய்க்குக் காரணம் நாக்கின் தசை கிடையாது. அது மூளை பேச்சை ஒருங்கிணைக்கும் விதத்தோடு தொடர்புடையது என்று இன்று தெரியும். அன்று அந்தப் பிள்ளைகளின் சிரமத்தில் பாதி, கேட்பவர்களின் சிரிப்பால் வந்தது. அதற்கு நாக்கை வெட்டினார்கள்.

காதுக்குப் போட்ட தையல்

1845-ல் டீஃபென்பாக் தன் பெரிய அறுவை சிகிச்சை நூலை வெளியிட்டார். காது சீரமைப்பின் வரலாறு பேசும் எல்லாரும் குறிப்பிடும் பகுதி அதில்தான் இருக்கிறது. அடிபட்டு உருமாறிய காது ஒன்றைச் சரிசெய்ய அவர் செய்தது எளிமையான வேலை. காதுக்குப் பின்னால், காதும் தலையும் சேரும் மடிப்பில் கொஞ்சம் தோலை எடுத்தார். பிறகு காதின் குருத்தெலும்பைப் பின்னால் இருக்கும் எலும்பின் மேலுறையோடு சேர்த்துத் தைத்தார். வெட்டு பின்னால் இருப்பதால் முன்னாலிருந்து பார்த்தால் தழும்பு தெரியாது. இன்றைக்கும் வெட்டு போடும் இடம் அதேதான்.

1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் மயக்க மருந்து உலகத்துக்குக் காட்டப்பட்டது. வலியில் கத்துகிறவர்களையே வாழ்நாளெல்லாம் வெட்டிப் பழகிய டீஃபென்பாக், 1847-ல் ஈதரைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அந்தப் புது உலகத்தில் வேலை செய்ய அவருக்கு நாள் இருக்கவில்லை. அதே வருடம் நவம்பர் 11 அன்று பெர்லினில் திடீரென இறந்தார். வயது 55.

வெறும் கேலிக்காக ஒரு குழந்தையின் காதில் கத்தி வைத்த கதை 1881-ல் நியூயார்க்கில் வருகிறது. எட்வர்ட் டால்பட் ஈலி என்ற டாக்டரிடம் 12 வயதுப் பையன் ஒருவன் வந்தான். காதில் நோய் எதுவும் இல்லை. கூடப் படிக்கும் பிள்ளைகளின் கிண்டல்தான் பிரச்சினை. ஒரு காதை முதலில் சரிசெய்து, கொஞ்ச நாள் கழித்து இன்னொன்றையும் சரிசெய்தார் ஈலி. விடைத்த காதுக்கான முதல் ஓட்டோபிளாஸ்டி என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதைத்தான்.

இப்போ எப்படிச் செய்றாங்க?

காது ஏன் விடைத்து நிற்கிறது? பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, காது மடலின் உள்ளே இருக்க வேண்டிய மடிப்பு சரியாக விழாமல் தட்டையாக இருப்பது. இரண்டு, நடுவில் இருக்கும் கிண்ணம் போன்ற பகுதி ரொம்ப ஆழமாக இருப்பது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். காது கேட்பதில் இதனால் குறை எதுவும் வராது.

1910-ல் வில்லியம் லக்கெட், பிரச்சினையே அந்த மடிப்பு இல்லாததுதான் என்று கண்டுபிடித்துச் சொன்னார். 1963-ல் ஜாக் மஸ்டார்டே குருத்தெலும்பை வெட்டாமல் தையலாலேயே மடிப்பை உருவாக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1968-ல் டேவிட் ஃபர்னஸ், ஆழமான கிண்ணத்தைப் பின்னால் இழுத்துக் கட்டும் தையலைச் சொன்னார். டீஃபென்பாக்கின் பழைய யோசனைக்கு இது நெருங்கிய சொந்தம். இன்றைய டாக்டர்கள் காதைப் பார்த்து இந்த முறைகளைக் கலந்து செய்கிறார்கள்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை:

• பிறந்த குழந்தைக்கு ஆபரேஷனே தேவைப்படாமல் போகலாம். தாயிடமிருந்து வந்த ஹார்மோனால் முதல் சில வாரங்களில் குருத்தெலும்பு மெழுகு மாதிரி வளையும். அப்போதே டாக்டர் மேற்பார்வையில் சின்ன அச்சு வைத்து ஒட்டினால் வடிவம் மாறிவிடும். இரண்டு, மூன்று வாரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும். வீட்டில் பிளாஸ்டர் ஒட்டிப் பார்க்கும் சொந்த வைத்தியம் வேண்டாம்.

• ஆபரேஷன் என்றால் பொதுவாக 5, 6 வயதுக்குப் பிறகு. அதற்குள் காது பெரியவர்களின் அளவை நெருங்கிவிடும். பெரியவர்களும் செய்துகொள்ளலாம்.

• குழந்தைகளுக்கு முழு மயக்கம் கொடுப்பார்கள். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். சில நாள் தலையில் கட்டு, பிறகு சில வாரங்கள் தூங்கும்போது தலைப்பட்டை.

• ரத்தக் கட்டு, தொற்று, இரண்டு காதும் ஒரே மாதிரி அமையாமல் போவது, காது மறுபடி விடைப்பது எல்லாம் நடக்கக்கூடியவை. நம்ம நிறத் தோலில் கீலாய்டு என்ற தழும்பு மேடு வரும் வாய்ப்பும் அதிகம். குடும்பத்தில் யாருக்காவது காது குத்திய இடத்தில் உருண்டையாகத் தடித்திருக்கிறதா? அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

திருவெண்ணெய்நல்லூர் பக்கம் இருப்பவர்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ, புதுச்சேரி ஜிப்மரின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவிலோ முதலில் கருத்து கேட்கலாம். கருத்து கேட்டாலே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று இல்லை.

யாருக்காக இந்த ஆபரேஷன்?

டீஃபென்பாக் மாறுகண்ணுக்கும் திக்குவாய்க்கும் எடுத்தது ஒரே கத்திதான். ஒன்றில் பிரச்சினை அவர் வெட்டிய இடத்தில் இருந்தது. இன்னொன்றில் இல்லை. விடைத்த காது இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. தையல் போட்டால் காது உண்மையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆனால் பிரச்சினை காதில்தான் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தினமும் அழுதுகொண்டு வரும் பிள்ளை, பள்ளிக்கூடம் போக மறுக்கும் பிள்ளை, தானாகவே இதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்கும் பிள்ளை: இவர்களுக்கு இந்த ஆபரேஷன் பெரிய நிம்மதி தரலாம். அதை வெறும் அழகு மோகம் என்று ஒதுக்குவது அநியாயம். ஆனால் பிள்ளை பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்க, பாட்டியும் பக்கத்து வீட்டுக்காரரும் கல்யாணத்தை நினைத்துக் கவலைப்படுகிறார்கள் என்றால், கத்தி காத்திருக்கலாம். கிண்டல் நடக்கும் வகுப்பில் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்ப்பதற்குத் தையலும் வேண்டாம், மயக்க மருந்தும் வேண்டாம்.

சுந்தரரின் கல்யாணத்தை நிறுத்திய வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொன்ன ஊர் திருவெண்ணெய்நல்லூர். அங்கே சபையில் இரண்டு தரப்பையும் கேட்டார்கள், ஓலையைச் சரிபார்த்தார்கள், பிறகுதான் தீர்த்தார்கள். உங்க வீட்டு வழக்கில் பிள்ளையும் ஒரு தரப்பு. அவனிடமோ அவளிடமோ ஒருமுறை நிதானமாக உட்கார்ந்து கேளுங்கள். வேண்டும் என்று சொன்னால் நல்ல டாக்டரைப் பாருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உளி படாத பிள்ளையாரையும் நாம் கும்பிடத்தானே செய்கிறோம்.