வைணு பாப்பு

மணலி கல்லாட் வைணு பாப்பு (ஆகஸ்டு 10, 1927 – ஆகஸ்டு 19, 1982) புகழ்பெற்ற இந்திய வானியலாளர் ஆவார். தற்கால இந்திய வானியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார். விண்மீன்களின் ஒளிர்வை அளக்க உதவும் வில்சன்-பாப்பு விளைவு இவர் பெயரைத் தாங்கியது. கோடைக்கானல், காவலூர் வானாய்வகங்களை உலகத் தரத்துக்கு உயர்த்தியவரும் இவரே. வால்வெள்ளிகளின் இயைபை அவற்றின் ஒளியைக் கொண்டு ஆராய்ந்தமை இவரது பணிகளில் அதிகம் பேசப்படாத ஒன்றாகும்.

இளமைக்காலம்

வைணு பாப்பு சென்னையில் பிறந்தார். தந்தையார் ஐதராபாத்தின் நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றியமையால் தொலைநோக்கி அவருக்குச் சிறு வயதிலேயே பழகிப்போயிற்று. மாணவராக இருந்தபோதே மாறும் விண்மீன்களைப் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டார். இயற்பியலில் பட்டம் பெற்றபின், ஐதராபாத் அரசின் உதவித்தொகையுடன் 1949 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

வால்வெள்ளி கண்டுபிடிப்பு

அங்கு சென்ற சில மாதங்களிலேயே, 1949 சூலை 2 அன்று தாம் எடுத்த வழமையான ஒளிப்படத் தகடு ஒன்றில் அதுவரை அறியப்படாத வால்வெள்ளி ஒன்றின் தடத்தைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 21. அவருடைய ஆசிரியர் பார்ட் போக்கும் உடன் பயின்ற கோர்டன் நியூகிர்க்கும் அதனை உறுதி செய்தனர். எனவே அது பாப்பு-போக்-நியூகிர்க் வால்வெள்ளி எனப் பெயர் பெற்றது. பசிபிக் வானியல் கழகம் இதற்காக டோனோ வால்வெள்ளிப் பதக்கத்தை வழங்கியது.

வால்வெள்ளி என்பது தூசியும் பனிக்கட்டியும் கலந்த உருண்டை என்னும் கருதுகோளை பிரெட் விப்பிள் 1950 இல் வெளியிட்டதும் இதே ஹார்வர்டிலிருந்துதான். அக்கருத்தை நேரில் சென்று சோதிக்க அன்று எவரிடமும் விண்கலம் இல்லை.

1952 இல் முனைவர் பட்டம் பெற்ற பாப்பு, கார்னகி ஆய்வு நல்கையுடன் பாலோமர் வானாய்வகத்தில் ஒலின் வில்சனுடன் பணியாற்றினார். விண்மீன் நிறமாலையில் கால்சியத்தின் கே கோட்டில் தோன்றும் உமிழ்வின் அகலத்துக்கும் அவ்விண்மீனின் உண்மையான ஒளிர்வுக்கும் தொடர்பு உண்டு என இருவரும் கண்டறிந்து 1957 இல் வெளியிட்டனர். ஒளிர்வு தெரிந்தால் தொலைவையும் கணக்கிடலாம் என்பதே இதன் பயன்.

இந்தியா திரும்புதல்

1953 இல் நாடு திரும்பிய பாப்பு, நைனிதாலில் உத்தரப் பிரதேச அரசின் வானாய்வகம் அமைய வழிசெய்தார். 1960 இல் கோடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார்.

வால்வெள்ளிகளின் நிறமாலை

கோடைக்கானலில் கதிரவ ஆய்வே முதன்மையானது. ஆயினும் பாப்பு வால்வெள்ளிகளைக் கைவிடவில்லை. வால்வெள்ளி கதிரவனை நெருங்கும்போது அதன் பனி ஆவியாகிறது. வெளிப்படும் வளிமங்கள் கதிரவ ஒளியை ஏற்றுத் தத்தமக்குரிய நிறங்களில் மீண்டும் ஒளிர்கின்றன. அவ்வொளியை நிறமாலையாகப் பிரித்தால் இரட்டைக் கார்பன், சயனோசன் போன்றவற்றின் பட்டைகள் தென்படும். கதிரவனுக்கு மிக அருகில் வரும் வால்வெள்ளிகளில் சோடியத்தின் மஞ்சள் கோடுகளும் தோன்றும். இச்சோடிய ஒளியைக் கொண்டு கதிரவக் காற்றின் இயல்புகளை உய்த்துணர முடியும் என்பதைப் பாப்புவும் கே. ஆர். சிவராமனும் 1969 இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்தனர். 1970 இல் தோன்றிய பென்னட் வால்வெள்ளியின் உமிழ்வுப் பட்டைகளையும் பாப்புவின் குழுவினர் அளந்தனர்.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் தெரிபவை பெரும்பாலும் சிதைந்த மூலக்கூறுகளின் துண்டுகளே. மூல மூலக்கூறுகளை ஊகிக்கத்தான் வேண்டும். அதே பென்னட் வால்வெள்ளியைச் சூழ்ந்து கதிரவனை விடப் பெரிய ஐதரசன் மேகம் இருப்பதை ஓ.ஜி.ஓ-5 செயற்கைக்கோள் புறவூதா ஒளியில் கண்டது. புறவூதாக் கதிர்களை வளிமண்டலம் தடுத்துவிடுவதால் தரையிலிருந்து அதனைக் காண இயலாது.

காவலூர்

கோடைக்கானலின் வானம் பெரும்பகுதி மேகம் சூழ்ந்தது. ஆகவே இரவு வானியலுக்கு ஏற்ற இடம் தேடிய பாப்பு, சவ்வாது மலையில் உள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். இது செஞ்சிக்கு வடமேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நேர்கோட்டுத் தொலைவில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது. கோடைக்கானலில் உருவாக்கப்பட்ட 38 செ.மீ. தொலைநோக்கி 1968 இல் இங்கு நிறுவப்பட்டது. 1972 இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனசின் வளையங்கள் 1977 மார்ச் 10 அன்று வெளிப்பட்டபோது காவலூரிலும் அந்நிகழ்வு பதிவாயிற்று.

1971 இல் இந்திய வானியற்பியல் நிறுவனம் தன்னாட்சி பெற்றபோது பாப்பு அதன் இயக்குநரானார். 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்றை வெளிநாட்டில் வாங்காமல் இங்கேயே வடிவமைத்துக் கட்ட வேண்டும் என்பது அவரது முடிவு. விலைக்கு வாங்கியிருந்தால் அவர் அதனைப் பயன்படுத்தவும் வாய்த்திருக்கலாம். ஆனால் அதனைக் கட்டும் திறன் நாட்டுக்குக் கிட்டியிராது.

இறுதிக்காலம்

1979 இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவியை வகித்த முதல் இந்தியர் இவரே. 1970 இல் பட்நாகர் விருதும் 1981 இல் பத்ம பூசண் விருதும் பெற்றார். 1982 ஆகஸ்டில் கிரேக்கத்தின் பத்ராசு நகரில் ஒன்றியத்தின் பொதுப்பேரவை கூடியிருந்த நாட்களில், இதய அறுவை மருத்துவத்துக்குப் பின் மியூனிக் நகரில் காலமானார். அப்போது பெரிய தொலைநோக்கி முற்றுப்பெறவில்லை.

மறைவுக்குப் பின்

1986 சனவரி 6 அன்று பிரதமர் இராசீவ் காந்தி காவலூர் வானாய்வகத்துக்கும் அத்தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். சரியாக இரண்டு மாதங்களில், மார்ச் 6 அன்று, சோவியத்தின் வேகா-1 விண்கலம் ஹேலியின் வால்வெள்ளியைக் கடந்தது. மார்ச் 14 அன்று ஐரோப்பாவின் ஜியோட்டோ அதன் கருவுக்கு ஏறத்தாழ 600 கி.மீ. அருகில் சென்றது. வெளிப்பட்ட வளிமத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீராவி என்றும், கரு நிலக்கரி போல் கரியது என்றும் தெரியவந்தது. 2006 இல் ஸ்டார்டஸ்ட் விண்கலம் வைல்டு-2 வால்வெள்ளியின் துகள்களைப் புவிக்குக் கொணர்ந்தது. 2014 இல் ரொசெட்டா 67பி வால்வெள்ளியை அடைந்து, அதன் நீரில் கனஐதரசனின் விகிதம் புவிக் கடல்நீரில் உள்ளதைப் போல் மூன்று மடங்கு எனக் கண்டறிந்தது.

2596 என்னும் எண்ணுடைய சிறுகோளுக்கு வைணு பாப்பு எனப் பெயரிடப்பட்டுள்ளது.