சனிப்பெயர்ச்சிக்கு ஏன் இரண்டு தேதி? வானத்தைப் பார்த்துப் பஞ்சாங்கத்தைத் திருத்தச் சொன்ன ரகுநாதாச்சாரியின் கதை

கள்ளக்குறிச்சி மாவட்டம் நைனார்பாளையம். தை மாத நடுவில் ஒரு நாள், இரவு எட்டரை மணிவாக்கில், தெருவிளக்கு வெளிச்சத்தைத் தாண்டி வயல் பக்கம் வந்து நில்லுங்கள். கல்வராயன் மலை முதுகுப் பக்கம் இருக்கட்டும், முகம் தெற்கே. நேர் தெற்கிலிருந்து சற்று இடப்பக்கம் பளிச்சென்று ஒரு நட்சத்திரம் தெரியும். அதுதான் அகத்தியர் நட்சத்திரம்.

அதற்கு வலப்பக்கம், கொஞ்சம் கீழே, கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அடிவானத்திலிருந்து ஒன்றரை முஷ்டி உயரத்தில் இன்னொரு நட்சத்திரம் இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது, தொலைநோக்கி வேண்டும். பெயர் ஆர் ரெட்டிகுலி. சுமார் 278 நாளுக்கு ஒரு சுற்றாக மங்கி, மறுபடி பிரகாசமாகும் நட்சத்திரம். இது ஒளி மாறும் நட்சத்திரம் என்று 1867-ல் கண்டறிந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, மெட்ராஸ் வானாய்வகத்தின் உதவியாளர். நவீன வானியலில் இந்தியர் ஒருவர் செய்த முதல் கண்டுபிடிப்பாக இது கருதப்படுகிறது.

சரி, இவருக்கும் சனிப்பெயர்ச்சிக்கும் என்ன சம்பந்தம்?

2023-ல் சனி மகரத்திலிருந்து கும்பத்துக்கு மாறியது. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி அது ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20. ஒரே கிரகம், ஒரே வானம், 11 மாத வித்தியாசம். இந்த வித்தியாசத்தை 150 ஆண்டுகளுக்கு முன்பே பொதுவெளியில் பேசியவர் ரகுநாதாச்சாரி. அதற்காக எதிர்ப்பையும் சம்பாதித்துக்கொண்டார்.

நுங்கம்பாக்கத்தில் ஒரு கல்தூண்

மெட்ராஸ் வானாய்வகம் 1786-ல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரியின் சொந்த முயற்சியாக எழும்பூரில் தொடங்கியது. 1790-ல் கிழக்கிந்திய கம்பெனி அதை ஏற்றுக்கொண்டது. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் எழுந்தது. கருவி அசையாமல் இருக்க நட்ட பெரிய கருங்கல் தூணில் தமிழ் உட்பட பல மொழிகளில் கல்வெட்டு பொறித்தார்கள். அந்தத் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. கப்பல்களுக்கு நேரம் சொல்வது, வரைபடத்துக்கு இடக்கணக்கு கொடுப்பது என்று கம்பெனிக்குத் தேவையான வேலைகள் இங்கே நடந்தன.

பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திலிருந்து வந்த ரகுநாதாச்சாரி இங்கே வேலைக்குச் சேர்ந்தார். 1861-ல் நார்மன் போக்சன் தலைமை வானியலாளராக வந்தபோது, இவர் ஏற்கெனவே பழகிய கை. பின்னாளில் முதல் உதவியாளர் ஆனார்.

38,000 முறை

1862-ல் புதிய கருவியுடன் நட்சத்திரப் பட்டியல் வேலை தொடங்கியது. அந்தத் தொலைநோக்கி வடக்கு தெற்காக மட்டுமே அசையும். கண் வைக்கும் இடத்தில் மெல்லிய இழைகள் கட்டியிருக்கும். நட்சத்திரம் ஒவ்வோர் இழையாகக் கடக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும், உயரத்தை அளக்க வேண்டும். அப்புறம் அடுத்த நட்சத்திரம். இரவு முழுக்க இதே வேலை.

1880 வரை ரகுநாதாச்சாரி மட்டும் சுமார் 38,000 அளவீடுகளைச் செய்தார். மழை நாள், மேகமூட்டம் எல்லாம் சேர்த்து சராசரி போட்டாலே ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் வருகிறது. சுமார் 5,000 நட்சத்திரங்கள் கொண்ட அந்தப் பட்டியல் 1899-ல்தான் அச்சானது. அப்போது போக்சனும் உயிரோடு இல்லை, ரகுநாதாச்சாரியும் இல்லை.

இன்னொரு சுவாரசியம்: ரெட்டிகுலம் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் பெயரே தொலைநோக்கிக்குள் கட்டும் அந்த இழைவலையைக் குறிப்பதுதான்.

1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது போக்சன் மசூலிப்பட்டினம் போனார். ரகுநாதாச்சாரி தனிக்குழுவோடு, இன்றைய தெலங்கானாவில் உள்ள வனபர்த்திக்குப் போனார். 1871 டிசம்பர் 12 கிரகணத்தை அவிநாசியிலிருந்து பார்த்தார். 1872 ஜனவரியில் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கௌரவம் கிடைத்த முதல் இந்தியர் இவர்.

சோழியில் கிரகணம்

பகலில் வேறொரு வேலை அவருக்கு இருந்தது. அது பஞ்சாங்கம்.

வாக்கிய முறை என்றால் என்ன? கிரக நிலைகளுக்கான எண்களை மனப்பாடம் செய்ய வசதியான வாக்கியங்களாக மாற்றி வைத்த பழைய முறை. அதை லேசாக எடைபோட முடியாது. மெட்ராஸ் வானாய்வகத்தில் முன்பு பொறுப்பில் இருந்த ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அவர் காகிதம் இல்லாமல், தரையில் சோழிகளை வைத்து, மனப்பாட எண்களைக் கொண்டே 1825 சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். தொடக்க நேரம் வெறும் 4 நிமிடம்தான் பிசகியது. ஆனால் முடியும் நேரம் 52 நிமிடம் தவறியது.

காரணம் எளிது. பல நூற்றாண்டுக்கு முன் போட்ட கணக்கில் சின்னப் பிழை இருந்தாலும் அது வருஷா வருஷம் சேரும். கடிகாரம் தினம் ஒரு நொடி தாமதித்தால், பத்து வருஷத்தில் ஒரு மணி நேரம் போயிருக்கும் இல்லையா? அதே கதைதான். அவ்வப்போது வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ரகுநாதாச்சாரி கேட்டதும் இவ்வளவுதான். கண்ணால் பார்க்கும் வானத்தோடு பொருந்தும் பஞ்சாங்கத்தை அவரே கணித்து வெளியிட்டார். ‘த்ருக்’ என்றால் பார்வை. த்ருக் கணிதம்தான் தமிழில் திருக்கணிதம். மரபை விடச் சொல்லவில்லை, பார்த்துத் திருத்துவதும் மரபுதான் என்பது அவர் வாதம். ஆனால் விரதம், திதி, திருவிழா எல்லாம் பஞ்சாங்கத்தைச் சார்ந்தவை. தேதி மாறினால் வீட்டிலும் கோயிலும் எல்லாம் மாறும். பழைய முறைக்காரர்கள் ஏற்க மறுத்தார்கள்.

கிடைக்காத வானாய்வகம்

1874 டிசம்பர் 9-ல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடக்கும் நிகழ்வு வந்தது. அதை மக்களுக்கு விளக்க அவர் எழுதிய சிறுநூல் ஆங்கிலத்திலும் கன்னடம், உருது உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் வெளியானது. அதே ஆண்டு சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் பேசியபோது, இந்தியர்கள் பயிற்சி பெற ஒரு வானாய்வகம் அமைக்கப் பொதுமக்களிடம் ஆதரவு கேட்டார். அவர் உயிரோடு இருந்தவரை அது அமையவில்லை. 1880 பிப்ரவரி 5-ல் காலமானார்.

சுதந்திரத்துக்குப் பிறகு மேக்நாத் சாகா தலைமையிலான காலண்டர் சீர்திருத்தக் குழுவும் வானத்தோடு பொருந்தும் கணக்கையே பரிந்துரைத்தது. ஆனாலும் தமிழ்நாட்டில் இரண்டு பஞ்சாங்கமும் இன்றுவரை ஓடுகின்றன. அடுத்த சனிப்பெயர்ச்சிக்கும் போனில் இரண்டு தேதி வந்து விழும்.

மெட்ராஸ் வானாய்வகத்தின் வழியில் வந்த இந்திய வானியற்பியல் நிறுவனம், கல்வராயன் மலைக்கு வடக்கே, ஜவ்வாது மலையின் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி வைத்திருக்கிறது. 1986 முதல் அது வேலை செய்கிறது. அங்கே இரவு விழித்து வானத்தைப் பார்ப்பவர்கள், ரகுநாதாச்சாரி கேட்டது போலவே, இங்கேயே பயிற்சி பெற்றவர்கள்.