எம்டன் கப்பலின் தலைவர்

போரில் வென்றோர் புகழ் பெறுதல் உலக இயல்பு. தோற்றவரைப் பகைவரும் போற்றுதல் மிக அரிது. அத்தகைய அரிய புகழைப் பெற்றவர் கார்ல் வான் முல்லர் என்னும் ஜெர்மானியக் கடற்படை வீரர். அவர் பெயரை அறியாத தமிழரும் அவர் செலுத்திய கப்பலின் பெயரை அறிவர். அதுவே எம்டன்.

முல்லர் 1873ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஹானோவர் நகரில் படை அலுவலர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1891இல் கடற்படையில் சேர்ந்தார். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் பணியாற்றியபோது மலேரியாக் காய்ச்சல் அவரைப் பற்றியது. அந்நோயின் கேடு அவரை இறுதிவரை தொடர்ந்தது. 1913இல் எம்டன் கப்பலின் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. முல்லர் தம் கப்பலைத் தனியே இந்துமாக்கடலுக்குச் செலுத்தினார். எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்றே. பொய்யாக நான்காவது ஒன்றை நிறுத்தி, ஆங்கிலேயர் கப்பல்போல் தோன்றச் செய்தார். சில வாரங்களில் பல வணிகக் கப்பல்கள் அவரிடம் சிக்கின. அவற்றை மூழ்கடிக்குமுன் அவற்றில் இருந்தோரைப் பத்திரமாக இறக்கினார். பின்னர் வேறு கப்பலில் ஏற்றிக் கரைக்கு அனுப்பினார். அதனால் பகைவரும் அவரைப் பண்பாளர் என்று மதித்தனர்.

செப்டம்பர் 22ஆம் நாள் இரவு. சென்னை நகரில் விளக்குகள் வழக்கம்போல் ஒளிர்ந்தன. இருளில் எம்டன் துறைமுகத்தை நெருங்கியது. தன் ஒளிவிளக்கைப் பாய்ச்சி, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கண்டு சுட்டது. தொட்டிகள் பற்றி எரிந்தன. ஏறத்தாழ 125 குண்டுகள் பாய்ந்தன. அரைமணி நேரத்திற்குள் கப்பல் மறைந்துவிட்டது. ஆங்கில அரசின் வலிமையில் மக்கள் வைத்திருந்த நம்பிக்கையைக் குலைப்பதே முல்லரின் நோக்கம், மக்களைக் கொல்வதன்று. ஆயினும் குண்டு நோக்கத்தை அறியுமோ? குறைந்தது ஐவர் உயிரிழந்தனர். உயர்நீதிமன்ற வளாகத்தின் சுவரிலும் ஒரு குண்டு தாக்கியது. அவ்விடத்தை ஒரு கல்வெட்டு காட்டுகிறது. அஞ்சிய மக்கள் ஆயிரக்கணக்கில் நகரைவிட்டு வெளியேறினர்.

நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவுகளின் அருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான சிட்னி எம்டனை எதிர்த்தது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை; நெடுந்தொலைவு சுடவல்லவை. எம்டனின் புகைபோக்கிகள் மூன்றும் வீழ்ந்தன. எஞ்சியோரையேனும் காக்க எண்ணிய முல்லர், கப்பலை வடகீலிங் தீவின் பவளத்திட்டில் மோதி நிறுத்தினார். நூற்று முப்பதுக்கு மேற்பட்ட வீரர் மாண்டனர். சிறைப்பட்ட முல்லரின் வாளைப் பறிக்காது, அவரிடமே விடுமாறு ஆங்கிலேயர் பணித்தனர்.

கரையில் சிதைந்து கிடந்த எம்டனின் நிழற்படம் செய்தித்தாள்களில் வெளிவந்தது. ஆஸ்திரேலியக் கடற்படைக்கு அது முதற்பெரும் வெற்றியின் சின்னம். ஜெர்மானியருக்கோ அஃது அஞ்சாமையின் சின்னம். பின்வந்த அவர்களுடைய போர்க்கப்பல்கள் சிலவும் எம்டன் என்றே பெயர் பெற்றன. படம் ஒன்றே, காண்போர் கண்ட பொருள் வேறு.

மால்டாவிலும் பின்னர் இங்கிலாந்திலும் முல்லர் சிறையிருந்தார். 1917இல் சுரங்கம் தோண்டித் தோழர்களுடன் தப்பினார், மீண்டும் பிடிபட்டார். நோயின் காரணமாக 1918இல் விடுவிக்கப்பட்டார். தம் நாடு அளித்த உயர்ந்த வீரப்பதக்கத்தைப் பெற்றும், தம் செயல்களைப் புகழ்ந்து நூலொன்றும் எழுதினாரல்லர். 1923ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், தம் நாற்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார்.

துணிவும் தந்திரமும் மிக்கவனை எம்டன் என்று அழைக்கும் வழக்கம் வடசென்னைத் துறைமுகப் பகுதியில் மட்டுமன்றித் தமிழகமெங்கும் பரவியது. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் அலைகள் எத்தனையோ கப்பல்களைக் கண்டுள்ளன. அரைமணி நேரமே நின்ற கப்பல் ஒன்று மொழியிலேயே தங்கிவிட்டது. அச்சொல்லைக் கூறும்போது முல்லரின் பண்பை நினைத்தல் தகும். அவ்விரவில் உயிர்நீத்த எளியோரையும் மறவாமை அதனினும் தகும்.