நம்ம வத்திராயிருப்பு விஞ்ஞானி



பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். அன்னைக்கு எல்லாரும் சர் சி.வி.ராமன் பெயரைச் சொல்வோம். அந்தக் கண்டுபிடிப்பில் அவரோடு சேர்ந்து உழைத்தவர் நம்ம விருதுநகர் மாவட்டத்துக்காரர்! அவர்தான் கே.எஸ்.கிருஷ்ணன்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று வத்திராயிருப்பில் பிறந்தார். அப்பா விவசாயம் பார்த்தவர், தமிழும் சமஸ்கிருதமும் நன்கு கற்றவர். கிருஷ்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பையும், மதுரையிலும் சென்னையிலும் கல்லூரிப் படிப்பையும் முடித்தார். 1923-இல் கல்கத்தாவில் ராமனிடம் சேர்ந்தார். 1928-இல் ‘நேச்சர்’ இதழில் ராமன் விளைவு பற்றி வந்த கட்டுரையில் இரண்டு பேர் பெயரும் இருக்கு. ஆனால் 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும்தான் கிடைத்தது.

கிருஷ்ணன் சோர்ந்து போகவில்லை. 1928 கடைசியிலேயே டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிகங்களை ஆராய ஆரம்பித்திருந்தார். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சின்னப் படிகத்தைக் கட்டி, காந்தப் புலத்தில் தொங்கவிட்டு, அது எவ்வளவு திரும்புதுன்னு அளந்தார். ஒரே படிகம் திசைக்குத் திசை வேறு மாதிரி நடந்துகொண்டது! பென்சிலில் இருக்கிற கிராஃபைட்டையும் பிறகு ஆராய்ந்தார். அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கோ அதற்கேற்ற மாதிரிதான் எலெக்ட்ரான்கள் நடந்துகொள்ளும் என்று இதிலிருந்து நான் புரிந்துகொண்டேன்.

1940-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1947-இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார். 1954-இல் பத்மபூஷண் பெற்றார். 1961 ஜூன் 14 அன்று காலமானார்.

சரி, அந்த அணு அடுக்கையே அழுத்தி மாற்றினால் என்ன ஆகும்? நம்ம பக்கம் பட்டாசு மருந்தை அழுத்தாதே, உரசாதே என்றுதான் சொல்லுவாங்க. ஆனால் விஞ்ஞானிகள் ஹாலைடு பெரோவ்ஸ்கைட் என்ற படிகத்தை இரண்டு வைர முனைகளுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்தார்கள். சூரிய மின்கலம் செய்ய ஆராயப்படுகிற பொருள் அது. கிருஷ்ணன் இதை ஆராயவில்லை. ஆனால் அவர் காட்டிய அதே உண்மைதான் இதிலும் இருக்கு.

இதில் நடுவில் ஒரு ஈய அணு, சுற்றி ஆறு அயோடின் அணுக்கள். இப்படிப்பட்ட கூடுகள் மூலைக்கு மூலை கோத்திருக்கும். அழுத்தினால் கூடுகள் நெருங்கும், சாயும். எலெக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி மாறும். அதனால் நிறம் முதலில் வெளுத்து, பிறகு கன்னங்கரேல்னு ஆகிடும். காற்றழுத்தத்தைப் போல சுமார் 6 லட்சம் மடங்கு அழுத்தியபோது அது உலோகம் மாதிரியே மின்சாரம் கடத்தியது! 2017-இல் வெளியான இந்த ஆய்வை நடத்திய குழுவில் இலங்கையைச் சேர்ந்த ஹேமமாலா கருணாதாச என்ற பெண் விஞ்ஞானியும் ஒருவர்.

நம்ம வகுப்பில் சில பேர் பத்தாவதோடு நிறுத்திட்டு வேலைக்குப் போயிடலாம்னு பேசிக்கிறாங்க. அறிவியல் எல்லாம் பெரிய ஊர்க்காரங்களுக்குத்தான் என்கிறாங்க. வத்திராயிருப்பு என்ன பெரிய ஊரா? தோழிகளே, யாரும் படிப்பை நிறுத்தாதீங்க.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அறிவியல் தினத்துக்கு ராமன் படத்துக்குப் பக்கத்தில் கிருஷ்ணன் படமும் மாட்டணும். படம் நானே வரைந்து தருகிறேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி