நாடாவில் நெய்த இசை

மாளிகையைக் கண்டு வியப்போர் பலர். அதனைக் கட்டிய கைகளை நினைப்போர் சிலர். இசையின் நிலையும் அத்தகையதே. கேட்டு மகிழ்வோர் எண்ணற்றோர். அதனை ஆக்கித் தந்தோர் பெயரை அறிவோர் மிகச் சிலர். பிரிட்டன் நாட்டுத் தொலைக்காட்சியில் பெரும்புகழ் பெற்ற இசையொன்றை உருவாக்கியும், தம் வாழ்நாளில் அத்திரையில் தம் பெயரைக் காணாது மறைந்தவர் ஒருவர் உண்டு. அவரே டீலியா டார்பிஷயர் அம்மையார்.

இவர் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள கவன்ட்ரி நகரில், 1937ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் பிறந்தார். தந்தையார் உலோகத் தகட்டு வேலை செய்யும் தொழிலாளர். டீலியாவுக்கு மூன்று வயது நிரம்பியிருந்த காலத்தில் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1940 நவம்பர் 14ஆம் நாள் இரவு, ஜெர்மானிய விமானங்கள் கவன்ட்ரியின்மீது குண்டுமாரி பொழிந்தன. பழம்பெருமை வாய்ந்த தேவாலயம் இடிந்தது. நகரின் நடுப்பகுதி எரிந்தது. விமானத் தாக்குதலை அறிவிக்கும் அபாயச் சங்கு ஏறியும் இறங்கியும் ஒலித்த ஓசை, அச்சிறுமியின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பின்னர்ப் பிரஸ்டன் நகருக்குச் சென்றபோது, கல் பாவிய தெருக்களில் விடியற்காலையில் ஆலைத் தொழிலாளரின் மரக்காலணிகள் எழுப்பிய தாளத்தையும் கேட்டார். தம் இசைக்கு இவ்விரண்டு ஒலிகளுமே வித்தாயின என அம்மையார் பிற்காலத்தில் எண்ணினார்.

இளமையிலேயே பியானோ பயின்ற டீலியா, கணக்கிலும் வல்லவராய் விளங்கினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கர்ட்டன் கல்லூரியில் இடம் பெற்றுக் கணிதமும் இசையும் கற்று, 1959ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். ஒலித்தட்டு நிறுவனம் ஒன்றில் பணி வேண்டினார். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களைப் பணிக்கு அமர்த்துவதில்லை என்று கூறி, அந்நிறுவனத்தார் மறுத்துவிட்டனர். அவர் மனந்தளரவில்லை. ஜெனீவா நகரிலும் தம் நாட்டிலும் சிறு சிறு பணிகளை ஆற்றியபின், 1960ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தில் சேர்ந்தார்.

அக்கழகத்தார் 1958ஆம் ஆண்டு இலண்டனில் ஒலிப்பட்டறை ஒன்றை நிறுவியிருந்தனர். நாடகங்களுக்கு வேண்டிய புதுமையான ஓசைகளைச் செய்து கொடுப்பதே அதன் பணி. டீலியா தாமே விரும்பிக் கேட்டு, 1962ஆம் ஆண்டு அப்பட்டறையில் சேர்ந்தார். அங்கே வீணையோ குழலோ இசைக்கப்படவில்லை. மின்னலைகளை எழுப்பும் கருவிகளும், ஒலியைப் பதியும் நாடாப் பொறிகளும், கத்தரிக்கும் கத்தியும், ஒட்டும் பசைத்தாளுமே அங்கு இசைக்கருவிகள்.

1963ஆம் ஆண்டு, காலத்தைக் கடந்து பயணம் செய்யும் ஒருவரைப் பற்றிய டாக்டர் ஹூ என்னும் தொடருக்கு முகப்பு இசை தேவைப்பட்டது. ஆஸ்திரேலியாவிற் பிறந்த ரான் கிரெய்னர் என்னும் இசையமைப்பாளர் அதற்குரிய மெட்டினை எழுதித் தந்தார். அதற்கு ஒலிவடிவம் தரும் பொறுப்பு டீலியாவிடம் வந்தது.

அவர் பட்ட உழைப்பை இன்று நினைப்பினும் வியப்பு மேலிடுகின்றது. ஒரு கம்பியை மீட்டி, அவ்வொலியை நாடாவில் பதிந்தார். நாடாவை விரைவாக ஓட்டினால் ஒலி உயரும். மெதுவாக ஓட்டினால் தாழும். இவ்வுண்மையைக் கொண்டு அவ்வொலியிலிருந்து வெவ்வேறு சுரங்களைப் பெற்றார். சுரத்தின் கால அளவையோ அங்குலத்தால் அளந்தார். நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடுமாயின், அரை நொடிச் சுரத்திற்கு ஏழரை அங்குல நாடா வேண்டுமன்றோ? அவ்வாறு அளந்து, வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினார். கல்லூரியிற் கற்ற கணக்கு இங்கே கைகொடுத்தது. டிக் மில்ஸ் என்பார் அவருக்குத் துணைநின்றார். பல நாடாக்களை ஒருங்கே ஓட்டியபோது எங்கோ ஒரு பிழை தென்பட்டது. உடனே இருவரும் நாடாக்களை நீண்ட நடைவழியில் அருகருகே விரித்து, ஒட்டிய இடங்களை ஒப்புநோக்கிப் பிழையைக் கண்டு திருத்தினர்.

1963 நவம்பர் 23ஆம் நாள் அவ்விசை முதன்முதலாக ஒலிபரப்பாயிற்று. அதனை முன்னரே கேட்ட கிரெய்னர், இது தாம் எழுதிய மெட்டுத்தானா என்று வியந்தார். பெருந்தன்மை மிக்க அவர், ஆக்கியோர் என்ற பெருமையையும் அதனால் வரும் ஊதியத்தையும் டீலியாவோடு பகிர்ந்துகொள்ள விழைந்தார். ஆனால் பட்டறையில் பணிபுரிவோர் பெயர்களைத் தனித்து வெளியிடுவதில்லை என்பது கழகத்தின் விதி. ஆதலின் பட்டறையின் பெயர் திரையில் வந்தது. பாடுபட்டவர் பெயர் வரவில்லை.

அம்மையார் தொடர்ந்து உழைத்தார். சகாரா பாலையில் வாழும் மக்களைப் பற்றிய படத்திற்கு இசை அமைத்தபோது, தம் குரலையே பதிந்து துண்டு துண்டாக்கி, ஒட்டகங்களின் குளம்போசையாக மாற்றினார். உலோக விளக்குக் கவிகையைத் தட்டி எழுந்த ஒலியும் அவர் கையில் இசையாயிற்று. 1973ஆம் ஆண்டு கழகத்தை விட்டு நீங்கினார். அவ்வாண்டில் வெளிவந்த ஒரு திரைப்படத்திற்குப் பிரையன் ஹாட்ஜ்சன் என்பாருடன் சேர்ந்து மின்னிசை அமைத்தார். பின்னர்ப் பல ஆண்டுகள் இசைத்துறையினின்றும் ஒதுங்கி வாழ்ந்தார். எரிவாயுக் குழாய் பதிக்கும் இடத்தில் வானொலிச் செய்தி அனுப்பும் வேலையையும் செய்தார். முதுமையில் இளைய இசைஞர் அவரைத் தேடி வந்தனர். பழைய ஆர்வம் மீண்டும் தளிர்த்தது. ஆயினும் 2001 சூலை 3ஆம் நாள், தம் 64ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார்.

அவர் மறைந்தபின், வீட்டுப் பரணில் 267 ஒலிநாடாக்கள் கண்டெடுக்கப்பட்டன. அவை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பொறுப்பிற் சேர்ந்தன. 2013ஆம் ஆண்டு, டாக்டர் ஹூ தொடரின் பொன்விழாப் படத்தில், அவருடைய பெயர் முதன்முறையாகத் திரையில் இடம்பெற்றது. 2017ஆம் ஆண்டு கவன்ட்ரிப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. அவற்றைக் கண்டு மகிழ அவர்தாம் இல்லை.

மாணவர்களே! பெயர் வருமா வாராதா என்று எண்ணி, டீலியா தம் வேலையிற் குறை வைக்கவில்லை. அங்குலம் அங்குலமாக அளந்த அவர் உழைப்பு, அரை நூற்றாண்டு மறைந்திருந்தும் அழியவில்லை. நாமும் அவ்வாறு உழைத்தல் வேண்டும். அதனோடு, பிறர் உழைப்பின் பயனைப் பெறும்போது அவர்தம் பெயரை மறவாது சொல்லுதலும் வேண்டும். உரியவருக்கு உரிய பெருமையை உரிய காலத்தில் அளிப்பதே அறமாகும்.