மேடையில் நாயகன், திரையில் உதவியாளர்: இந்தித் திரையிசைக்கு ஸ்விங் துள்ளலைத் தந்த சிக் சாக்லேட்

1951-ஆம் ஆண்டு வெளியான 'அல்பேலா' இந்தித் திரைப்படத்தின் பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. தமிழிலும் 'நல்ல பிள்ளை' என்ற பெயரில் அப்படம் வெளியானது. அதை இயக்கி நடித்த பகவான் தாதாவையும், இசையமைத்த சி.ராமச்சந்திராவையும் ரசிகர்கள் அறிவர். ஆனால், அப்பாடல்களில் துள்ளி எழும் டிரம்பெட் ஓசைக்குரியவரின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. அவர்தான் சிக் சாக்லேட்.

அந்தோனியோ சேவியர் வாஸ் என்பது அவரது இயற்பெயர். 1916-ஆம் ஆண்டு கோவாவின் ஆல்டோனா கிராமத்தில் பிறந்தார். அப்போது கோவா போர்ச்சுகீசிய ஆட்சியின் கீழ் இருந்தது. அங்குள்ள தேவாலயப் பள்ளிகளில் மாணவர்களுக்கு மேற்கத்திய இசைக்குறிப்புகளைப் படிக்கவும் எழுதவும் கற்பிக்கப்பட்டது. வழிபாட்டுக்காக அளிக்கப்பட்ட அந்தப் பயிற்சி, கோவா இளைஞர்கள் பலருக்குப் பின்னாளில் பிழைப்புக்கான வழியாக மாறியது. பம்பாயின் ஓட்டல்கள், நடன அரங்குகள், சமஸ்தான இசைக்குழுக்கள் ஆகியவற்றில் அவர்கள் இடம்பிடித்தனர். வாஸும் அவ்வழியே பம்பாய் வந்து சேர்ந்தார்.

அமெரிக்காவில் 1930-களின் நடுப்பகுதியில் தொடங்கிய ஸ்விங் காலம், டிரம்பெட், டிரோம்போன், சாக்ஸபோன் வரிசைகள் கொண்ட பெரிய இசைக்குழுக்களின் காலமாகும். அதன் எதிரொலி பம்பாயிலும் விரைவில் கேட்டது. 1935-இல் லியோன் அபே என்ற கறுப்பின அமெரிக்கக் கலைஞர் தமது குழுவுடன் தாஜ்மகால் ஓட்டலுக்கு வந்தார். பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு உள்ளிட்டோரும் அடுத்தடுத்து அந்த நகரில் வாசித்தனர். அவர்களிடமிருந்து இந்தியக் கலைஞர்கள் ஜாஸ் இசையின் நுட்பங்களைக் கற்றனர். குறிப்பில் உள்ளதை அப்படியே வாசிப்பதோடு நில்லாமல், மேடையிலேயே கற்பனையாக மெட்டை விரித்துச் செல்லும் முறையும் அவற்றுள் ஒன்று.

வாஸின் ஆதர்சம் டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங். வாசிப்பு, கரகரத்த குரலில் பாடும் பாணி, மேடை அசைவுகள் என அனைத்திலும் அவரைப் பின்பற்றினார். இதனால் 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்' என்று அழைக்கப்பட்டார். சிக் சாக்லேட் என்ற மேடைப் பெயரே நிலைத்தது. 1940-களில் 'சிக் அண்ட் தி மியூசிக் மேக்கர்ஸ்' என்ற இசைக்குழுவின் தலைவராக விளங்கிய அவர், தாஜ்மகால் ஓட்டல் மேடையிலும் கோலோச்சினார்.

1947-இல் நாடு விடுதலை பெற்றது. நடன அரங்குகளை நிறைத்திருந்த ஆங்கிலேயர்கள் வெளியேறினர். பம்பாய் மாகாணத்தில் மதுவிலக்கும் நடைமுறைக்கு வந்தது. ஓட்டல் இசைக்குழுக்களின் வருவாய் சுருங்கியது. பகலில் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடம், இரவில் ஓட்டல் மேடை என்பது கோவா கலைஞர்கள் பலரின் வாழ்க்கை முறையானது.

திரையுலகுக்கும் அவர்கள் தேவைப்பட்டனர். அக்கால இசையமைப்பாளர்களில் பலர் ராக மரபில் ஊறியவர்கள். மெட்டை மனத்தில் உருவாக்கி ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டுவர். அம்மெட்டை மேற்கத்திய இசைக்குறிப்பாக எழுதி, எந்தக் கருவி எந்த இடத்தில் ஒலிக்க வேண்டும் என்று வகுத்துத் தரும் பணியைக் கோவா கலைஞர்களே பெரும்பாலும் ஏற்றனர். பல கருவிகள் ஒருசேர முழங்கும் இன்றைய திரையிசைக்கு அடித்தளம் இட்டது அந்தப் பணியே.

புனேயில் இந்துஸ்தானி இசை பயின்ற சி.ராமச்சந்திராவும் சிக் சாக்லேட்டும் இணைந்தது இவ்வகையில் ஒரு திருப்புமுனை. இந்திய மெட்டும் ஸ்விங், லத்தீன் அமெரிக்கத் தாளங்களும் ஒரே பாடலில் கைகோத்தன. 'அல்பேலா' படத்தின் நடனக் காட்சி ஒன்றில் சிக் சாக்லேட் தமது குழுவினருடன் திரையிலும் தோன்றினார். பின்னர் மதன் மோகனின் இசையிலும் அவர் பங்களித்தார்.

1951-இல் வெளியான 'நாதான்', 1952-இல் வெளியான 'ரங்கீலி' ஆகிய படங்களுக்கு அவரே இசையமைத்தார். எனினும் முன்னணி இசையமைப்பாளர்கள் வரிசையில் அவர் இடம்பெறவில்லை. ஓட்டல் விளம்பரங்களில் முதலில் நின்ற அவரது பெயர், திரைப்படங்களில் பெரும்பாலும் உதவியாளர்களுள் ஒன்றாகவே நின்றது. இசைத்தட்டு உறைகளில் இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் பெயர்கள் அச்சாயின. கருவிப் பகுதிகளை எழுதியவருக்கும் வாசித்தவருக்கும் அங்கே இடமிருக்கவில்லை. அந்தத் தலைமுறையின் கோவா கலைஞர்கள் பலரும் இவ்வாறே பெயரின்றி மறைந்தனர்.

1966-இல் சேத்தன் ஆனந்த் இயக்கத்தில் வெளியான 'ஆக்ரி கத்', ராஜேஷ் கன்னாவின் முதல் படமாகும். கய்யாம் இசையமைத்த அப்படத்தின் இரவு விடுதிப் பாடல் காட்சியில், பாடகர் பூபிந்தர் சிங்குடன் சிக் சாக்லேட்டும் டிரம்பெட் வாசிக்கக் காணலாம். மறுஆண்டு, 1967 மே மாதத்தில் அவர் காலமானார். ஐம்பது வயதை ஒட்டிய காலத்திலேயே அவரது வாழ்வு முடிந்தது.

பல பத்தாண்டுகளுக்குப் பின்னர், பம்பாயின் ஜாஸ் வரலாற்றைப் பதிவு செய்த நரேஷ் பெர்னாண்டஸின் 'தாஜ்மகால் ஃபாக்ஸ்டிராட்' போன்ற நூல்கள் அவரையும் அவரது சக கலைஞர்களையும் மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. 'அல்பேலா' பாடல்கள் இன்றும் வானொலியிலும் இணையத்திலும் ஒலிக்கின்றன. அவற்றைக் கேட்போர் ஒவ்வொருவரும், பெயர் அறியாமலேயே சிக் சாக்லேட்டையும் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.